ஏழு சொல்லாத மைதானம்

பத்து வரை எண்ணத் தெரிந்தால் போதும், இந்தக் கதைக்குத் தீர்ப்புச் சொல்லிவிடலாம். சொல்ல முடிகிறதா பாருங்கள்.

வெள்ளித்துறை என்னும் கடற்கரை ஊரில் ஆண்டுதோறும் கால்பந்துக் கோப்பைக்கான போட்டி நடக்கும். பெனால்டி அடிக்க அங்கே ஒரு தனி விதி உண்டு. நடுவர் விசில் ஊதியதும் பார்வையாளர்கள் ஒன்றிலிருந்து பத்து வரை உரக்க எண்ணுவார்கள். பத்து முடிவதற்குள் பந்தை உதைக்க வேண்டும். தவறினால் அந்த உதை செல்லாது. ஒரு காலத்தில் நடுவரின் கைக்கடிகாரத்தை நம்பினார்கள். அது அடிதடியில் முடிந்த பிறகு, 'மைதானத்தின் எண்ணிக்கையே கடிகாரம்' என்று பலகையில் எழுதி வைத்துவிட்டார்கள்.

ஆறு ஆண்டுகளாக அந்த எண்ணிக்கையில் ஏழு ஒலிப்பதில்லை. ஏழாம் எண் சட்டை போட்டு ஆடிய வியாகுலன், கோப்பையை வென்ற மறுநாள் கடலுக்குப் போனான். "கப்பைப் பத்திரமா வைங்க, வந்து தூக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன். அன்று மாலை புயல் வந்தது. படகும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவன் சட்டையை ஊரார் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆறு என்று கத்தும் மைதானம், ஏழு வரவேண்டிய இடத்தில் வாய்மூடி நிற்கும். பிறகு எட்டு. முதல்முறை வருகிறவர்கள் அந்த ஒரு நொடியில் திரும்பிப் பக்கத்து ஆளைப் பார்ப்பார்கள்.

அவன் மனைவி பிரகாசி ஒவ்வோர் இறுதிப் போட்டிக்கும் வந்து வேலியோரம் நிற்பாள். வாய்விட்டு எண்ண மாட்டாள். ஓர் எண்ணுக்கு ஒரு விரலாக மடக்குவாள், அந்த மௌனத்துக்கும் ஒன்று.

இந்த ஆண்டு ஊர்க் கமிட்டி அவளைக் கூப்பிட்டுப் பேசியது. கோப்பை இந்த ஆண்டும் ஊரிலேயே இருந்தால் வியாகுலனுக்காக இன்னும் ஒரு வருடம் காத்திருப்பது. போய்விட்டால், ஏழாம் எண் சட்டையை இப்போது அணியில் ஆடும் டைட்டஸுக்குக் கொடுத்துவிட்டு, வியாகுலனுக்கு இறந்தோர் பூசை வைப்பது. பிரகாசி தலையாட்டினாள்.

இறுதிப் போட்டி பாறைக்கரை அணியோடு. ஆட்டம் சமமாகி, பெனால்டிக்குப் போனது. பாறைக்கரை நான்கு, வெள்ளித்துறை மூன்று. மிச்சம் இருந்தது டைட்டஸின் உதை ஒன்றுதான். அது கோலானால் சமம். சமமானால் கோப்பை பழைய இடமான வெள்ளித்துறையிலேயே இருக்கும் என்பது ஊர் வழக்கம்.

"இவன் உதைக்கதுக்குள்ள நம்ம ஐஸ் பிளாண்டுல கட்டியெல்லாம் உருகிரும்" என்றார் அங்கே வேலை பார்க்கும் ததேயு.

"ஒன்பது வர நின்னு அடிச்சாத்தான் கோலி ஒரு பக்கம் சாய்வான். அதுதான் அவன் வித்தை" என்றான் பக்கத்தில் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த ரெஜிஸ்.

"வித்தை காட்டி இந்த வருஷம் ரெண்டு பெனால்டிய தொலைச்சாம்லா மக்கா!"

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கோல் கம்பத்துக்குப் பின்னால் காயப்போட்ட வலைகள், அதற்குப் பின்னால் கடல். விசில் ஒலித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.

வழக்கமான மௌனம்.

அந்த மௌனத்துக்குள், வலைகள் கிடந்த பக்கமிருந்து, ஓர் ஆண் குரல் நிதானமாக "ஏழு" என்றது.

அங்கே யாரும் இல்லை. கடல்காற்றில் வலைகள் மட்டும் லேசாக அசைந்தன. மைதானம் எட்டு சொல்லவில்லை. ஆயிரம் பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. டைட்டஸ் கடலைப் பார்த்தபடி உறைந்து நின்றான். வேலிக் கம்பியின்மேல் பிரகாசியின் விரல்கள் மட்டும் நிற்கவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் முழுதாக மூடிய பிறகுதான், பந்தை உதைத்த சத்தம் கேட்டது.

பந்து கோலுக்குள் விழுந்தது. யாரும் கை தட்டவில்லை.

பிறகு சண்டை தொடங்கியது. "பத்துன்னு சொன்னது யாரு? எட்டே வரல்ல, பிறகு எங்கருந்து பத்து?" என்று ததேயு கத்தினார்.

"நீங்க வாயடைச்சு நின்னா, விடிய விடிய நின்னு அடிக்கலாமா அண்ணே?" என்றான் பாறைக்கரை அணித் தலைவன் மரியநேசன்.

ரெஜிஸ் தான் எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினான். ஆறு கேட்டது. அதன்பின் அலைச் சத்தம்தான். மூன்று முறை போட்டான். மூன்று முறையும் அதில் ஏழு இல்லை.

"அப்போ நாம கேட்டது?" என்றான் மெதுவாக.

நடுவர், இன்னும் விரியாத இரண்டு கைகளை வேலியோரம் கண்டார். அருகில் போனார்.

"விரல் மடக்கி எண்ணுவீங்களாமேம்மா. உதைக்கும்போது பத்து முடிஞ்சிருந்துதா?"

ததேயு குரலைத் தாழ்த்தினார். "தெரியாதுன்னு சொல்லிரு மக்களே. உன்ன யாரு குத்தம் சொல்லப் போறா?"

பிரகாசி கடலைப் பார்த்தாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: அந்தக் கோல் செல்லுமா? பிரகாசி என்ன பதில் சொல்வது சரி?

விடை: கோல் செல்லாது. எட்டு, ஒன்பது, பத்து ஆகியவற்றை யாரும் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் ஆறு ஆண்டுகளாக ஏழு என்ற எண்ணையும் அங்கே யாரும் சொன்னதில்லை. இருந்தும் அது எண்ணிக்கையில் சேர்ந்தது. வியாகுலனுக்காக ஒரு மௌனத்தை எண்ணாக ஏற்றுக்கொண்ட மைதானம், கோப்பைக்காக மூன்று மௌனங்களை ஒதுக்க முடியாது. ஒதுக்கினால் அவனுக்காக நின்ற அந்த ஒரு நொடியும் சும்மா நின்றதாகிவிடும். பிரகாசிக்கு அது புரிந்திருந்தது. "முடிஞ்சிட்டு சார்" என்றாள். சொல்லிவிட்டு விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். மறு ஆண்டு, டைட்டஸின் முதுகில் அந்த எண் இருக்க, மைதானம் முழுவதும் சேர்ந்து "ஏழு" என்று கத்தியது. வேலியோரத்தில் அவளுடைய ஏழாவது விரல் மட்டும், வேறு யாரோ சொல்லிக் கேட்ட பிறகு மடிவதுபோல, ஒரு நொடி பிந்தி மடிந்தது.