பாகம் பிரித்த விமானம்

செங்காட்டுப்பட்டி பக்கம் போகிறவர்கள் தணிகாசலம் சகோதரர்களின் வீட்டைத் தவறவிடவே முடியாது. ஒரே வீட்டுக்கு முன்பக்கம் மூன்று நிறம் அடித்திருக்கும். மூத்தவர் தணிகாசலம், அடுத்தவர் ஏகாம்பரம், கடைக்குட்டி புண்ணியகோடி. பாகப்பிரிவினை என்றால் ஊரில் மண்டை உடையும், கோர்ட் வாசல் தேயும். இவர்கள் வீட்டில் ஒரு சத்தம் கேட்டதில்லை.

வாசல் கதவில் பலகை மூத்தவருக்கு, நிலை அடுத்தவருக்கு, தாழ்ப்பாள் கடைக்குட்டிக்கு. காபியில் பொடி ஒருவருடையது, பால் ஒருவருடையது, சர்க்கரை ஒருவருடையது. ஒருவர் பங்கில் இன்னொருவர் கை வைப்பது கிடையாது. ஒருவர் வெளியூர் போனால் மற்ற இருவரும் காபி குடிப்பதும் கிடையாது. இப்படி ஒரு அறிவாளிக் குடும்பத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இவர்கள் மூவரும் சேர்ந்து, வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டை வாங்கினார்கள். பெரிய திரை, கைப்பிடி, வரிசையாகக் குமிழ்கள் எல்லாம் வந்து ஹாலில் இறங்கின. அதே வாரம் புண்ணியகோடிக்குப் பெண் தேடிய கல்யாணத் தரகர் மதுரைக்குப் போய், பெண்ணைப் பெற்ற சௌந்தரபாண்டியிடம், "பையன் ப்ளேன் ஓட்டுறான்" என்று சொல்லிவிட்டார். பொய் என்று சொல்ல முடியாது. எங்கே ஓட்டுகிறான் என்று சௌந்தரபாண்டி கேட்கவில்லை, தரகரும் சொல்லவில்லை.

"வெள்ளிக்கிழமை நேர்ல வர்றேன். என் கண்ணு முன்னாடி மேல ஏத்தி, பத்திரமா இறக்கிக் காட்டட்டும். பொண்ணைத் தர்றேன்" என்று சௌந்தரபாண்டி சொல்லி அனுப்பினார்.

புண்ணியகோடிக்கு அதோடு தூக்கம் போயிற்று. இதுவரை பார்த்த பெண் வீட்டார் எல்லாரும் மூன்று நிற வீட்டைப் பார்த்ததுமே வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிட்டார்கள். சௌந்தரபாண்டியின் மகள் அங்கயற்கண்ணியின் போட்டோவை அவன் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். இவளும் கை நழுவிப் போனால் அவனுக்குத் தாங்காது.

விமானத்தையும் முறைப்படி பிரித்துக்கொண்டார்கள். எவ்வளவு உயரம் போக வேண்டும் என்று சொல்லும் குமிழ், மரியாதையை உத்தேசித்து, மூத்தவருக்கு. எவ்வளவு வேகமாக ஏற வேண்டும் என்று சொல்லும் குமிழ் ஏகாம்பரத்துக்கு. எஞ்சின் புண்ணியகோடிக்கு. விமானத்தைத் தானாகவே ஓட்டும் ஆட்டோபைலட் பட்டன் மட்டும் பொதுச்சொத்து. ஆகவே மூவரும் ஆளுக்கொரு முறை அமுக்குவார்கள். முதல் அமுக்கில் ஓடும், இரண்டாவதில் நிற்கும், மூன்றாவதில் மறுபடி ஓடும். ஏகாம்பரம் பாத்ரூம் போயிருந்த நாளில் இருவர் மட்டும் அமுக்கியதால் விமானம் வயலில் விழுந்தது. வயிற்றுக்கோளாறால் விழுந்த முதல் விமானம் அதுவாகத்தான் இருக்கும்.

தணிகாசலம் பத்தாயிரம் அடி வைத்தார். விமானம் ஏறவில்லை. விளையாட்டை விற்ற கடைக்காரர் நிஜாமுதீனுக்குப் போன் போட்டார்கள்.

"உயரம் வச்சா மட்டும் போதாதுண்ணே. ஏறுற வேகத்தையும் வைக்கணும்."

மூத்தவர் தம்பியைப் பார்த்தார். "ஏண்டா, நீ வைக்கலையா?"

"நீங்க உயரம் வைக்கும்போது என்னைக் கேட்டீங்களா? உங்க பங்கை நீங்க வச்சீங்க. என் பங்கை நான் சும்மா வச்சிருக்கேன்."

ஒருவழியாகச் சமாதானமாகி ஏகாம்பரம் குமிழைத் திருகினார். விமானம் மூக்கைத் தூக்கியது, வேகம் குறைந்தது, தள்ளாடிக் கீழே விழுந்தது. எஞ்சினைப் புண்ணியகோடி பாதிக்கும் கீழே வைத்திருந்தான். எரிபொருளை மிச்சம் பிடிக்கிற சிக்கனமான பையன் என்று மாமனார் மெச்சுவாராம்.

"ஒண்ணு எஞ்சின் பவரைக் கூட்டுங்க, இல்லாட்டி எடையைக் குறைங்க" என்றார் நிஜாமுதீன்.

சகோதரர்கள் கூடி யோசித்தார்கள்.

"விமானத்துல யார் யார் இருக்கோம்?" என்றார் ஏகாம்பரம்.

"நாம மூணு பேர்தான்."

"யார் கனம்?"

இருவரும் மூத்தவரின் தொந்தியைப் பார்த்தார்கள். குடும்பத்துக்காகத் தணிகாசலம் எதையும் செய்வார். எழுந்து வாசலுக்குப் போய் வெயிலில் நின்றுகொண்டார். தம்முடைய குமிழை ஜன்னல் வழியாகக் குடைக்கம்பியால் திருகினார். அப்போதும் விழுந்தது. கிரைண்டரை வெளியே தூக்கி வைத்தார்கள். அரிசி மூட்டையை உருட்டிவிட்டார்கள். விமானம் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் புண்ணியகோடி பையிலிருந்த போட்டோவை ஒருமுறை எடுத்துப் பார்த்தான். சிக்கனம் மறந்துபோய் எஞ்சினை முழுசாகக் கூட்டிவிட்டான். விமானம் ஜம்மென்று ஏறியது.

"பார்த்தியா, வேர்த்து வேர்த்து நான் இளைச்சதும் ஏறிடுச்சு" என்று ஜன்னல் வழியாகத் தணிகாசலம் பெருமைப்பட்டார். தம்பிகளும் ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்து விமானம் அப்படியும் இப்படியும் ஆடியது.

"ஆட்டோபைலட் ஓட்டும்போது அந்தக் கைப்பிடியில யாரும் கை வைக்காதீங்க" என்றார் நிஜாமுதீன்.

மூவருக்கும் தங்கள் கைகள் மேல் நம்பிக்கை கிடையாது. ஆகவே ஒருவர் கையை ஒருவர் துண்டால் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். மூன்றாமவர் கையை யார் கட்டுவது என்று நெடுநேரம் விவாதித்துவிட்டு, அவர் கையை மடியிலேயே வைத்திருப்பதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். மத்தியானம் சாதத்தைப் பெண்டாட்டிமார் ஊட்டிவிட்டார்கள். புண்ணியகோடிக்கு இன்னும் பெண்டாட்டி வராததால் அவன் பட்டினி கிடந்தான். கல்யாணத்தின் அவசரம் அன்று எல்லாருக்கும் நன்றாகப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை சௌந்தரபாண்டி வந்தார். கையில் ஒரு பை, தோளில் துண்டு. திரையைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"எனக்கு ஜன்னலோரமா ஒரு சீட்டுப் போடுங்க சம்பந்தி. ஓரத்துல உட்கார்ந்தாத்தான் எனக்குக் குமட்டாது."

ஜன்னலோரம் போட்டார்கள். துண்டால் அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார்கள். ஆளுக்கொரு அமுக்கு அமுக்கினார்கள். விமானம் மதுரையை நோக்கி மளமளவென்று ஏறியது. சௌந்தரபாண்டி காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

"ஏத்தினது பிரமாதம். இப்ப இறக்குங்க."

தணிகாசலம் உயரத்தைக் குறைத்து வைத்தார். விமானம் இன்னும் மேலே போனது. இன்னும் குறைத்தார். இன்னும் மேலே போனது. சௌந்தரபாண்டிக்கு மூச்சு வாங்கியது. புண்ணியகோடி போனில் நிஜாமுதீனைக் கூப்பிட்டான்.

"உயரத்தைக் கீழ வச்சுட்டு வேகத்தை மேல போறதுக்கு வச்சிருந்தா எப்படிண்ணே இறங்கும்? அந்த வேகக் குமிழை மைனஸ்ல வையுங்க."

ஏகாம்பரம் கையைக் கட்டிக்கொண்டார். "மைனஸா? என் பங்கு மட்டும் எதுக்கு மைனஸ்ல போகணும்? நான் மட்டும் நட்டப்படணுமா?"

"அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்றார் தணிகாசலம். "பிரிக்கும்போது ஏறுற வேகம்னுதான் பேசினோம். இறங்குற வேகத்தைப் பத்திப் பேச்சே வரலை."

"அண்ணே, மாமாவுக்கு முகம் வெளுக்குதுண்ணே!"

"அவசரப்பட்டு உரிமையை விட்டுக் கொடுக்கக் கூடாதுடா."

புண்ணியகோடி அழுதேவிட்டான். "என் பங்குக் கதவுத் தாழ்ப்பாளை வேணும்னாலும் எடுத்துக்குங்கண்ணே. சர்க்கரையை எடுத்துக்குங்க. எனக்கு அங்கயற்கண்ணி போதும்ணே. கீழ இறக்குங்க!"

அண்ணன்மார் மனம் கல் அல்ல. தம்பி அழுததும் அவர்கள் கண்ணும் கலங்கியது. நட்டத்தை மூவரும் சமமாக ஏற்பது என்று முடிவாயிற்று. ஏகாம்பரம் கொஞ்சம் மைனஸில் திருகினார், தணிகாசலம் அதே அளவு திருகினார், புண்ணியகோடி மிச்சத்தைத் திருகினான். விமானம் தலை குனிந்து இறங்கி, மதுரை ஓடுபாதையில் குதித்து, பக்கத்துப் புல்லில் போய் நின்றது.

சௌந்தரபாண்டி துண்டை அவிழ்த்து வேர்வையைத் துடைத்தார். "நட்டத்துல பங்கெடுக்குற அண்ணன் தம்பியை நான் பார்த்ததே இல்ல. மாப்ள, பொண்ணு உங்களுக்குத்தான்! கல்யாணம் மதுரையில. பஸ்ஸு காரெல்லாம் வேண்டாம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாரும் இதுலயே வந்து இறங்குங்க. நான் ஏர்போர்ட்ல மேளத்தோட நிக்கிறேன்."

முகூர்த்த நாள் வந்தது. ஹாலில் அத்தைமார், சித்தப்பாமார், சீர்வரிசைத் தட்டுகள், நடுவில் மாலையும் கழுத்துமாகப் புண்ணியகோடி. எல்லாரையும் துண்டால் நாற்காலிகளில் கட்டியாயிற்று. எடை கூடிவிடுமே என்று தணிகாசலம் தாமாகவே முதல் நாளிலிருந்து விரதம். அமுக்கினார்கள், ஏறினார்கள், நட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள், இறங்கினார்கள். ஒரு குலுக்கல் இல்லை. உறவுக்கூட்டம் கை தட்டியது.

போன் அடித்தது. சௌந்தரபாண்டிதான். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"மாப்ள, இறங்கிட்டீங்களா?"

"இறங்கிட்டோம் மாமா. மதுரையிலதான் நிக்கிறோம். இதோ தாழ்ப்பாளைத் திறக்கிறேன், அது என் பங்குதான்."

"ஐயையோ, திறந்துடாதீங்க! ஏணி இன்னும் வரலை. அவ்வளவு உயரத்துலருந்து கால் வச்சா என்னத்துக்கு ஆகும்? இங்க ஆபீசர்கிட்ட ஏணி கேட்டுச் சண்டை போட்டுக்கிட்டிருக்கேன். கொஞ்சம் பொறுங்க."

புண்ணியகோடி தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். நேரம் போனது. மாலை வாடியது. பின் வரிசையில் இருந்த சித்தப்பா ஒருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாக இருமினார்.

"முக்குல மதுரை பஸ் நிக்குதுப்பா. இப்ப ஏறினாக்கூட முகூர்த்தத்துக்குப் போயிடலாம்."

தணிகாசலம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் சித்தப்பா, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்கா? மதுரையில வந்து இறங்கிட்டு, மதுரைக்கு எவனாவது பஸ் ஏறுவானா?"

நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. சித்தப்பா துண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.