நீந்தத் தெரிந்தவர்களின் நீச்சல் கல்லூரி

ஆற்றோரக் காடு ஒன்றில் ஒரு நீச்சல் கல்லூரி இருந்தது. மடுவை நீந்திக் கடந்து காட்டினால்தான் அங்கே இடம். அதனால் வாத்தும் தவளைகளும் ஆமைகளுமாகக் கல்லூரி களைகட்டியது. "எங்கள் மாணவர் ஒருவர்கூட மூழ்கியதில்லை!" என்று முதல்வர் நீர்நாயம்மா மீசையைச் சிலுப்பிக்கொள்வார்.

வெடுக்கி என்ற கீரிப்பெண்ணும் சோதனைக்கு வந்தாள். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆறு பெருகினால் அவள் வளைதான் முதலில் மூழ்கும். அக்கரை மேட்டுக்கு நீந்தினால்தான் உயிர் தப்பலாம். மடுவில் இறங்கினாள், தண்ணீர் குடித்தாள், இருமிக்கொண்டே கரையேறினாள்.

"தகுதியில்லை. அடுத்தது யார்?" என்றார் முதல்வர்.

"நீந்தத் தெரியாததால்தானே வந்தேன்? தெரிந்தவருக்கு எதற்கம்மா கல்லூரி? வாத்தண்ணே, நீங்களே சொல்லுங்கள், இங்கே என்ன கற்றுக்கொண்டீர்கள்?"

வாத்து யோசித்தது. "வரிசையில் நிற்கக் கற்றுக்கொண்டேன்."

தவளைகள் கொல்லென்று சிரித்தன. முதல்வரின் மீசை துடித்தது. "நீச்சல் பிறவியிலேயே வரவேண்டும், பெண்ணே! இதோ என் மகள். இன்றுவரை தண்ணீரில் கால் வைத்ததில்லை. பார்!" என்று குட்டியை மடுவில் இறக்கிவிட்டார்.

குட்டி கல்லைப்போல அமிழ்ந்தது.

பதறிக் குதித்த தாய், அதன் பிடரியைக் கவ்வித் தூக்கினார்.

"தகுதியில்லை. அடுத்தது யார்?" என்று பழக்கதோஷத்தில் கத்தியது வாத்து.

"வாயை மூடு! கண்ணே, பயப்படாதே. தலையைத் தூக்கு. பின்காலை உதை. அம்மா பிடித்துக்கொண்டிருக்கிறேன்..."

வெடுக்கி சத்தமில்லாமல் பக்கத்தில் இறங்கினாள். தலையைத் தூக்கினாள், காலை உதைத்தாள், மறுபடியும் தண்ணீர் குடித்தாள். பொழுது சாய்வதற்குள் குட்டியும் அவளும் மடுவைக் கடந்துவிட்டார்கள்.

"பார்த்தீர்களா அம்மா? தகுதியில்லாத இரண்டு பேரை நீந்த வைத்துவிட்டீர்களே!"

முதல்வர் மகளைப் பார்த்தார், கீரியைப் பார்த்தார். பிறகு வாத்திடம், "திருப்பி அனுப்பிய முயலையும் முள்ளம்பன்றியையும் கூட்டி வா" என்றார்.

மழை கொட்டியது. ஆறு பெருகி வளைகளை விழுங்கியது. அக்கரை மேட்டில் ஏறி உடம்பை உதறினாள் வெடுக்கி. பின்னாலேயே முயல், அதற்கும் பின்னால், மூச்சுவாங்கிக்கொண்டு முள்ளம்பன்றி.

வாத்து எல்லாரையும் வரிசையில் நிறுத்தி எண்ணியது. ஒருவரும் குறையவில்லை.

"அப்பாடா!" என்றார் முதல்வர்.

நீதி: தெரியாமல் வந்தவர் தெரிந்துகொண்டு போனால்தான் அது கல்விக்கூடம்.