கூடாது டீச்சர்

ஒரு காட்டில், நாவல் மரத்து நிழலில், குட்டிகளுக்கென்று ஒரு பால்வாடி நடந்துவந்தது. காட்டுக்கோழிதான் அங்கே டீச்சர். குறும்புக்காரக் குரங்குக்குட்டி, அவசரக்கார அணில்குட்டி, எதையும் நிதானமாக யோசிக்கும் ஆமைக்குட்டி ஆகிய மூவரும் அங்கே படித்தார்கள்.

கோழி முட்டையிட்டது. அடைகாக்க உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க முடியாதே! அதனால் அது ஆற்றங்கரைப் புள்ளிமானைக் கூப்பிட்டது.

"குஞ்சு பொரிக்கும் வரைக்கும் என் பிள்ளைகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள். பாறைப் பக்கம் ஒரு பருந்து வட்டமடிக்கிறது. அதனிடம் ஒரு குட்டிகூடச் சிக்கிவிடாமல் பார்த்துக்கொள்."

"நான் கவனமாக இருப்பேன் அக்கா!" என்றது மான்.

அது உண்மைதான். ஆனால் மானுக்கு எதைக் கண்டாலும் பயம். இலை உதிர்ந்தாலும் காதை விடைத்துக்கொள்ளும்.

மறுநாள் காலையில் மான் நிமிர்ந்து நின்றுகொண்டு ஆரம்பித்தது.

"குட்டிகளே! கிளையில் தலைகீழாகத் தொங்கக் கூடாது. நாவல் கொட்டையை மூக்கில் போடக் கூடாது. சேற்றை எடுத்துக் காதில் அப்பக் கூடாது!"

குரங்கின் கண்கள் விரிந்தன. "சேற்றைக் காதில் அப்பலாமா? அடடா, இத்தனை நாளா நமக்கு இது தோணவே இல்லையே!"

கொஞ்ச நேரத்தில் எல்லார் காதிலும் சேறு. குரங்கு ஒரு தும்மல் போட்டது. அதன் மூக்கிலிருந்த நாவல் கொட்டை பறந்து வந்து மானின் நெற்றியில் பட்டது.

"எங்க கோழி டீச்சர் இப்படியெல்லாம் சொல்ல மாட்டாங்க," என்றது அணில்.

வேறு எப்படிச் சொல்வார் என்று மான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அதற்கு முகம் வாடிவிட்டது.

மத்தியானத்துக்குள் குட்டிகள் அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டன: கூடாது டீச்சர்.

"இதுதான் ரொம்ப முக்கியம்," என்றது மான். "அதோ, அந்தப் பாறைப் பக்கம் போகக் கூடாது. அங்கே என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது!"

சொல்லிவிட்டு ஒரு வாய் புல் கடித்தது. தலை நிமிர்ந்தால், மர நிழலில் ஒருவரும் இல்லை. ஆமைகூட, குரங்கின் தோளில் ஏறிப் போயிருந்தது.

மான் பாய்ந்து ஓடியது. வெட்டவெளிப் பாறைமேல் மூன்று குட்டிகளும் நின்றன. அவற்றுக்கு மேலே ஒரு கரிய நிழல் சுற்றிச் சுற்றி வந்தது. பருந்து!

அதைப் பார்த்ததும் அணில் வீறிட்டுக்கொண்டு பாறையைச் சுற்றி ஓடியது. குரங்கு ஆமையைக் கீழே போட்டுவிட்டுக் கண்களைப் பொத்திக்கொண்டது.

"ஓடாதே!" என்று அலறியது மான். "ஐயோ, நிற்காதே! கத்தாதே! அழாதே! மேலே பார்க்காதே!"

அணில் ஓடியது, நின்றது, மறுபடியும் ஓடியது. பருந்து இன்னும் தாழ இறங்கியது.

ஓட்டுக்குள்ளிருந்து ஆமையின் தலை மட்டும் வெளியே வந்தது.

"அப்போ என்னதான் டீச்சர் செய்யணும்?"

காலையிலிருந்து எத்தனையோ சொல்லியாயிற்று. இதை மட்டும் மான் யோசிக்கவே இல்லை.

சட்டென்று மான் பாறையோரம் முன்னங்கால்களை மடக்கித் தாழ்ந்தது. இப்போது அதன் முகம் குட்டிகளின் முகத்துக்கு நேரே இருந்தது. மெதுவாகச் சொன்னது:

"அணில் கண்ணு, என் வயிற்றுக்கு அடியில் வா. குரங்கு ராஜா, ஆமையைத் தூக்கிக்கொண்டு நீயும் வா."

அவ்வளவுதான். அணில் ஒரே பாய்ச்சலில் வந்தது. குரங்கு ஆமையை அணைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. விர்ரென்று இறங்கிய பருந்துக்குக் கிடைத்தது மானின் வால் மயிர் கொஞ்சம்தான். அதைத் துப்பிவிட்டு அது வேறு காட்டுக்குப் போயிற்று.

"இப்போதாவது சொல்லுங்கள். உங்கள் கோழி டீச்சர் எப்படிச் சொல்வார்?" என்று கேட்டது மான்.

"இப்போ நீங்க சொன்னீங்களே, அந்த மாதிரிதான்," என்றது ஆமை.

சில வாரம் கழித்து முட்டைகள் பொரிந்தன. கோழி குஞ்சுகளோடு திரும்பி வந்து, தன் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தது. எல்லாரும் இருந்தார்கள். மான் விடைபெற்றபோது அணில் அதன் காலைக் கட்டிக்கொண்டு விசும்பியது.

"அழக் கூ..." என்று தொடங்கிய மான் நாக்கைக் கடித்துக்கொண்டது. பிறகு குனிந்து, "நாளைக்கு எல்லாரும் ஆற்றங்கரைக்கு விளையாட வாருங்கள்," என்றது.

குரங்கு அன்றும் காதில் அப்பியிருந்த சேற்றைத் தட்டிக்கொண்டே சொன்னது: "வரக் கூடாதுன்னு சொல்லிப் பாருங்க டீச்சர், இன்னைக்கே வந்துடுறோம்!"

நீதி: செய்யக் கூடாதவை நூறை அடுக்குவதைவிட, செய்ய வேண்டியது ஒன்றைச் சொல், பிள்ளைகளுக்கு அதுவே எட்டும்.