தூங்காத டிஸ்க்

மேனேஜர் சபேசன் வாயைத் திறந்தால் உத்தரவுதான். "வேலையில்லாத நேரத்துல கம்ப்யூட்டர் டிஸ்க் சுத்துறதை நிறுத்திட்டுத் தானாத் தூங்கணும். அது தூங்குற வரைக்கும் உனக்கு லீவு கிடையாதும்மா."

கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலில் அதற்கான நிரலை எழுதிய மரகதவல்லி, செங்கோட்டையில் விட்டுவந்த கைக்குழந்தையைப் பார்த்து நாற்பது நாளாயிற்று. டிஸ்க்கோ கண்ணை மூடவே இல்லை. தூங்கிவிட்டதா என்று சபேசன் நிமிஷத்துக்கொரு தரம் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், பிள்ளை தூங்குற நேரத்துல நான் வீட்டுக்குப் போன்கூடப் பண்றதில்ல. நீங்க கேக்குறப்பல்லாம் பதில் சொல்லத்தான் டிஸ்க் எழுந்திரிக்குது. பத்து நிமிஷம் கேக்காம இருங்க."

ஐந்தாம் நிமிஷமே டிஸ்க்கின் ரீங்காரம் அடங்கியது. "தூங்கிடுச்சா?" என்று மறுபடி மவுஸுக்குப் போன கையை இழுத்துக்கொண்டு, அசடு வழிய லீவுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார் சபேசன்.

மறுநாள் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நாற்பது நாள் ஏங்கிய கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, தொட்டிலருகே உட்கார்ந்திருந்தாள்.