சிவப்பு பல்பும் பின் இருக்கையும்

திருமணல்நாட்டு அரசர் மகுடவர்மரிடம் போர்விமானம் பன்னிரண்டு இருந்தது. பொறுமை ஒன்றுகூட இல்லை. தம் பிறந்தநாளன்று பன்னிரண்டும் பறந்தே ஆகவேண்டும் என்றார். விமானங்களின் ரேடாரையும் ரேடியோவையும் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவர் கோளரி. அவர் ஏழுக்குத்தான் போட்டார். மிச்சம் ஐந்திலும் கோளாறு.

சும்மா இருப்பாரா மந்திரி உத்தண்டர்? கடல் கடந்து ஒரு தானியங்கிச் சோதனை இயந்திரத்தை வரவழைத்தார். விமானத்தின் மின்னணுப் பெட்டியைக் கழற்றி அதில் செருகினால் போதும். கோளாறென்றால் சிவப்பு விளக்கு, நலமென்றால் பச்சை. மூன்றே நாளில் பன்னிரண்டுக்கும் பச்சை எரிந்தது.

கோளரிக்கு நம்பிக்கை வரவில்லை. சோதிக்கிற கருவியையே சோதித்துப் பார்க்க, செத்துப்போன ரேடார் பெட்டி ஒன்றை அவர் எப்போதும் கைவசம் வைத்திருப்பார். அதைச் செருகினார். எலி கடித்த ஒயர் வெளியே தொங்குகிறது, இயந்திரத்துக்கோ பரம திருப்தி. பச்சை.

ஓடிப்போய் அரசரிடம் சொன்னார். இயந்திரம் பொய் சொல்லுமா, உமக்குப் பொறாமை என்று அரசர் எரிந்து விழுந்தார். இனி இயந்திரம் சொன்னதே கையெழுத்து, கோளரி வீட்டுக்குப் போகலாம் என்று ஆணையும் போட்டார். வேலை கிடக்கட்டும். அந்த ஐந்தில் ஏறப்போகும் பிள்ளைகளை நினைத்துத்தான் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

விழா அன்று காலை, அந்த ஐந்தில் ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. கோளரி வந்து கும்பிட்டார்.

"கையெழுத்துப் போட்டவர் முதல் சுற்றில் பின் இருக்கையில் போவது நம் வழக்கம், மகாராஜா. இருபது வருஷமாக நான் போனேன். இந்த இயந்திரமோ பீரோ கனம், இருக்கையில் அடங்காது. அதை அழைத்து வந்தவர் உட்காரட்டும்."

நியாயந்தானே என்றார் அரசர். உத்தண்டரை ஏற்றி வாரைப் பூட்டினார்கள். விமானி இஞ்சினைக் கிளப்பக் கையை நீட்டினார். அவ்வளவுதான், மந்திரிக்கு வேர்த்துக் கொட்டியது. வாரை அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சி, கீழே இறங்கி, மடியிலிருந்து ஒரு சிவப்பு பல்பை எடுத்து நீட்டினார். சிவப்பு எரிந்தால் மன்னர் மனம் நோகுமே என்று, இயந்திரத்திலிருந்து அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலும் பச்சை பல்பையே மாட்டிவிட்டாராம். என்ன கரிசனம் பாருங்கள்!

அரசர் முகம் கறுத்தது. இனி எந்த இயந்திரத்தைத்தான் நம்புவது என்று கோளரியைக் கேட்டார்.

"பின் இருக்கையை நம்புங்கள், மகாராஜா. மூன்று நாள் சோதனையில் அகப்படாத கோளாறு, அதில் உட்கார வைத்ததும் தானாகவே இறங்கி வந்துவிட்டது."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஐந்து விமானமும் கொட்டகைக்குத் திரும்பின. கோளரிக்கு வேலை திரும்பியது, உத்தண்டருக்குப் பின் இருக்கை நிரந்தரமாயிற்று. அன்று முதல் அந்த நாட்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் முதல் ஆள் மந்திரிதான்.