மூச்சு எடுக்கும் இடம்

"நான் போயிட்டா இந்த நாடு நின்னுடும், டீச்சர்."

சொன்னவர் ஐவார்ஸ். அந்த நாட்டின் பிரதமர்.

நாடு சின்னது. ஐரோப்பாவின் வடக்கு ஓரத்தில் கடலை ஒட்டி ஒண்டியிருந்தது. வரைபடத்தில் பெயர் எழுத நிலம் போதாமல் கடலில் எழுதியிருப்பார்கள்.

ஐவார்ஸ் சும்மா இருந்தவரும் அல்ல. துறைமுகம் கட்டினார். ரயில் விட்டார். பக்கத்துப் பெரிய நாடு முறைத்தபோது பதிலுக்கு முறைத்தார்.

அந்த நாட்டில் எல்லோரும் பாடுவார்கள். பிரதமரும் பாடுவார். வாரம் ஒரு மாலை, சேர்ந்திசைக் குழுவில், கடைசி வரிசையில், கட்டைக் குரலில்.

குழுவை நடத்தியவர் வெல்தா. பிரதமரைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் ஒத்திகைக் கூடத்துக்குள் அவர்தான் குரு. பிரதமரே தாமதமாக வந்தாலும் கதவுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

"மூணு தடவை ஜெயிச்சாச்சு. அதுக்கு மேல நிக்கக் கூடாதுன்னு அரசியல் சட்டம் சொல்லுது. நாளைக்குச் சபையில அதைத் திருத்தப் போறேன். ஓட்டு கைவசம் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"உங்ககிட்ட ஒரு வார்த்தை வாங்கிக்கணும்னு தோணிச்சு."

வெல்தா இசைத்தாள்களை அடுக்கினார்.

"சுதந்திர தினப் பாட்டுல கடைசியா ஒரு நீளமான கார்வை வருமே?"

"வரும்."

"ஒரே ஸ்வரத்தை அவ்வளவு நேரம் எப்படிப் பிடிக்கிறோம்?"

பள்ளிப் பிள்ளைபோல ஒப்பித்தார் பிரதமர். "பக்கத்து ஆள் மூச்சு எடுக்கும்போது நாம எடுக்கக் கூடாது. மாத்தி மாத்தி எடுக்கணும்."

"இன்னிக்கு நீங்க மட்டும் மூச்சே எடுக்காதீங்க."

"கடைசி வரைக்குமா?"

"நாட்டையே பிடிச்சு நிறுத்தறவருக்கு ஒரு ஸ்வரம் பெரிசா?"

பிரதமருக்கு அது பிடித்திருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.

பக்கத்தில் நின்றவர் கார்லிஸ், எதிர்க்கட்சித் தலைவர். சின்ன நாட்டில் இதுதான் தொல்லை. பகலெல்லாம் சபையில் நம்மைக் கிழித்துத் தோரணம் கட்டியவரோடு மாலையில் தோள் உரச நின்று பாட வேண்டும்.

பாட்டு முடிவுக்கு வந்தது. வெல்தாவின் வலது கை மேலே எழுந்து அப்படியே நின்றது. கார்வை தொடங்கியது.

பிரதமர் பிடித்தார். நன்றாகவே பிடித்தார். அவரிடம் தம் இருந்தது, அதில் சந்தேகமில்லை. முகம் சிவந்தது. காது அடைத்தது. கண்ணில் பூச்சி பறந்தது. வெல்தாவின் கை இறங்குவதாக இல்லை.

ஒரு கட்டத்தில் வாய் மட்டும் திறந்திருந்தது. குரல் வரவில்லை.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார்.

ஸ்வரம் போய்க்கொண்டே இருந்தது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கார்லிஸ்கூடப் பார்க்கவில்லை. அவர் குரல் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது. பிரதமர் விட்டதையும் சேர்த்து அது தாங்கிக்கொண்டிருந்தது.

பிரதமருக்கு முதலில் கோபம்தான் வந்தது. நான் இல்லாமலா?

அப்புறம் காது கொடுத்துக் கேட்டார். இத்தனை வருஷமும் உள்ளே நின்று முழங்கியதில் அந்த ஸ்வரத்தை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அழகாக இருந்தது. கண் கலங்கிவிட்டது.

வெல்தா இடது கையை மெல்ல அசைத்தார், வாங்க என்பதுபோல.

பிரதமர் வயிறு நிறைய மூச்சு எடுத்தார். அதிராமல் உள்ளே நுழைந்தார். அவர் திரும்பி வந்ததும் யாருக்கும் தெரியவில்லை.

ஒத்திகை முடிந்தது.

"ஒரு வார்த்தை வேணும்னீங்களே?" என்றார் வெல்தா.

"வேண்டாம், டீச்சர்."

வாசலில் கார்லிஸ் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பிரதமர் அவர் அருகே போனார்.

"நாளைக்கு நீங்க தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை. திருத்த மசோதாவை வாபஸ் வாங்கிக்கறேன்."

கார்லிஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இதுல என்ன சூது இருக்கு?"

"சூதெல்லாம் ஒண்ணும் இல்லை."

பிரதமர் அவர் தோளில் கை வைத்தார்.

"நான் மூச்சு எடுக்கும்போது நீங்க எடுத்துடாதீங்க."