மும்பைக்குப் போகச் சொன்ன பூ

நியாயம் சொல்வதில் வல்லவர் என்ற நினைப்பு உங்களுக்கு இருந்தால் இந்த வழக்கைத் தீர்த்து வையுங்கள். இதில் குற்றமற்றவர் யார் என்று மட்டும் தேடாதீர்கள். அப்படி ஒருவரும் இல்லை.

சென்னை புரசைவாக்கத்தில் தணிகாசலம் என்று ஒரு வீட்டுத் தரகன் இருந்தான். எந்த மாடிவீட்டில் கோடையில் தண்ணீர் நின்றுபோகும், எந்த வீட்டுக்காரர் கறி சமைக்க விடமாட்டார், எந்த வீட்டு மருமகள் தனிக்குடித்தனத்துக்குத் துடிக்கிறாள் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கடையில்லை, பெயர்ப்பலகையில்லை. வாயும் அந்தப் பத்துத் தெருக்களும்தான் அவனுக்கு முதல்.

அவன் மனைவி மரகதம் காப்பீட்டு நிறுவனமொன்றில் அதிகாரி. மும்பைத் தலைமை அலுவலகத்தில் பெரிய பதவி இரண்டு முறை அவளைத் தேடி வந்தது. இரண்டு முறையும் குடும்பச் சூழ்நிலை என்று எழுதிக் கொடுத்து மறுத்தாள். அவளிடம் வேலை கற்றுக்கொண்டவன் அவளுக்கே மேலதிகாரியாக வந்து உட்கார்ந்தான். மூன்றாம் முறை கடிதம் வந்தபோது அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. நான்காவது கடிதம் வராது என்று அவளுக்குத் தெரியும்.

தணிகாசலத்துக்கு ஒருமுறை நெஞ்சுவலி வந்து போயிருந்ததால் ஆளுக்கோர் ஊர் என்ற பேச்சுக்கே இடமில்லை. போனால் இருவரும் போக வேண்டும். அவனுக்கு மும்பையும் ஆகாது, பெண்டாட்டியின் உயர்வைக் கெடுத்தவன் என்ற பெயரும் ஆகாது. இப்படிப்பட்டவர்களுக்கென்றே தெய்வம் இருக்கிறது.

“நம்ம அம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாத்துடலாம். அவ என்ன சொல்றாளோ அதான்,” என்றான்.

ஒரே மாதிரி இரண்டு காகிதப் பொட்டலங்கள். ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்பு. இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துப் பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் இருப்பது, சிவப்பு வந்தால் போவது என்று பேச்சு. மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அது மரத்தடிக்குப் போய்விடும். பிரித்துப் பார்ப்பது தெய்வத்தைச் சந்தேகிப்பதாகும்.

வெள்ளிக்கிழமை காலை மரகதம் குளித்துக்கொண்டிருந்தபோது தணிகாசலம் பொட்டலங்களைக் கட்டினான். இரண்டிலும் நந்தியாவட்டைதான். இரண்டுமே வெள்ளை. தட்டில் வைத்துவிட்டு ஆட்டோ பிடிக்கப் போனான்.

எத்தனுக்கு எத்தன் உலகத்தில் உண்டு. மரகதம் முந்தின நாளே இரண்டு பொட்டலம் கட்டிப் புடவை மடிப்பில் வைத்திருந்தாள். இரண்டிலும் செவ்வரளி. அவன் கட்டியவற்றை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுத் தன்னுடையவற்றைத் தட்டில் வைத்தாள். அவன் கட்டியதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தான் ஏமாற்றுகிறோம் என்ற கூச்சத்தில் இருந்தவளுக்குத் தன்னை இன்னொருவர் ஏமாற்றக்கூடும் என்ற நினைப்பு எங்கிருந்து வரும்?

பூசாரி பிரித்தார். சிவப்பு.

தணிகாசலத்தின் முகம் வெளுத்தது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். “தாயே, தப்புத்தான், தப்புத்தான்,” என்று அழுதான். ஊரைப் பிரியும் துக்கம் என்று மரகதம் நினைத்துக்கொண்டாள். அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் சாமான்களைக் கட்டினாள்.

மும்பையில் ஒன்பதாம் மாடியில் வீடு. மரகதம் பதவியில் அமர்ந்தாள், நன்றாகவே செய்தாள். அவளைக் கேட்காமல் அங்கே எதுவும் நகராது என்ற நிலை வந்தது. தணிகாசலத்துக்கு அந்த ஊர்ப் பேச்சு நாக்கில் ஏறவில்லை. அவள் காலையில் கிளம்பிப் போனால் இருட்டும்வரை அவனோடு பேச ஆளில்லை. முதல் வருடம் புரசைவாக்கத்திலிருந்து வீடு கேட்டுத் தொலைபேசி வந்தது. பிறகு அதுவும் நின்றது. தெருவுக்கே பேச்சுக்கொடுத்தவன் மின்தூக்கியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான்.

நான்காம் வருடம் சென்னைக் கிளையில் ஓர் இடம் காலியானது. பதவி சற்றே சிறியது. விருப்பமுள்ளவர்கள் பதினைந்தாம் தேதிக்குள் எழுதித் தரலாம். மரகதத்துக்கு விருப்பமில்லை. ஆனால் அவன் சட்டை தோளில் தொளதொளவென்று தொங்குவதை அவள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள்.

“என்னங்க, மெட்ராஸ்ல ஒரு இடம் இருக்காம். நீங்க சொன்னா எழுதிக் குடுக்கறேன்.”

அவன் கண்ணில் ஒரு கணம் புரசைவாக்கம் முழுவதும் வந்து நின்றது. பிறகு தலையை ஆட்டினான்.

“வேணாம் மரகதம். உங்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். அன்னிக்கு ரெண்டு பொட்டலத்துலயும் நான் வெள்ளதான் வெச்சேன். உன்னப் போகவிடக் கூடாதுன்னு வெச்சேன். அவ அத செவப்பா மாத்திக் காட்டுனா. அவகிட்டயே ஏமாத்து வேல பண்ணவன் நான். இதுக்கு மேல அவ பேச்ச மீறினா என்ன ஆகும்? என்னை மன்னிச்சுடு.”

மரகதம் அடுப்பை அணைத்தாள். தோசை கருகிப்போயிருந்தது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவன் அன்றைக்கே பெட்டியைக் கட்டுவான்.

“அம்மன் சொன்னத மீறக் கூடாதுங்க,” என்றாள்.

கதை இவ்வளவுதான். அவன் கட்டிய வெள்ளைப் பொட்டலம் ஒரு பொய். அவள் மாற்றி வைத்த சிவப்புப் பொட்டலம் ஒரு பொய். தோசைக்கல்லுக்கு முன்னால் சொன்னது மூன்றாவது பொய். இந்த மூன்றில் எது பெரும் பிழை?

முதல் பொய் இல்லாவிட்டால் இத்தனையும் இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். அவன் இரண்டிலும் வெள்ளை கட்டாமலிருந்தாலும் அவள் சிவப்பைக் கொண்டுபோயிருப்பாள். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகப் போயின. கள்ளனுக்குக் கள்ளன் மேல் வழக்கில்லை. மூன்றாவதுதான் பெரும் பிழை. முதல் இரண்டையும் பயந்தவர்கள் செய்தார்கள். மூன்றாவதைச் செய்யும்போது அவளுக்குப் பயமில்லை. எதிரில் இருந்தவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு கை கூப்பியிருந்தான். அதற்கான தண்டனையும் அவளுக்கு உடனே கிடைத்தது. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவன் தன் கடைசி வாய்ப்பைத் திருடப் பார்த்தான் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அதற்காக அவனை ஒரு வார்த்தை திட்டக்கூட அவளுக்கு இனி வாயில்லை. பதினைந்தாம் தேதி வந்தது, போனது. இருவரும் அங்கேதான் இருக்கிறார்கள்.